ஷோரூம் கார்களுக்கு நிழல் வேண்டாமா? - 40 ஆண்டுகளாக ஒரு நகரம் போடும் மரக்கணக்கு!

கோடைக்கால மதியம். புது கார் வாங்கலாம் என்று குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போகிறீர்கள். கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏ.சி குளுகுளுவென்று இருக்கிறது. உட்கார வைத்து காபி தருகிறார்கள். பிள்ளைகளுக்கு பலூன் கிடைக்கிறது. பிடித்த மாடலைச் சொன்னதும், 'வாங்க, ஓட்டிப் பார்த்துடலாம்' என்று வெளியே அழைத்துப்போகிறார்கள்.

அங்கேதான் கதை மாறுகிறது. கதவின் கைப்பிடியைத் தொட்டால் சுடுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஏ.சி-யை முழு வேகத்தில் வைத்துவிட்டு, நான்கு கதவுகளையும் திறந்துபோட்டு, ஐந்து நிமிடம் வெளியே காத்திருக்கிறீர்கள். காத்திருக்கவும் ஒரு நிழல் இல்லை.

சுற்றிப் பார்த்தால் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான கார்கள். கீழே கறுப்புத் தார்த்தளம். சாலையோரமாகக் கத்தரித்துவிட்ட புல்வெளியும், முழங்கால் உயரத்துக்குக் குட்டைச் செடிகளும். மரம் மட்டும் கண்ணில் படவே இல்லை.

'மரம் வைக்க மறந்துவிட்டார்கள் போல' என்று நினைக்கலாம். பல இடங்களில் அது மறதி அல்ல... விதியே அப்படித்தான்! அந்த விதியின் கதையைத் தெரிந்துகொள்ள, பார்க்கிங் நிழலுக்காகவே 1983-ல் சட்டம் போட்ட ஒரு நகரத்துக்குப் போகலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தலைநகரம், சாக்ரமெண்டோ.

மரங்களின் நகரம்

கலிபோர்னியா என்றதும் கடற்கரையும் ஹாலிவுட்டும்தான் நினைவுக்கு வரும். சாக்ரமெண்டோ அப்படியல்ல. கடலிலிருந்து உள்ளே தள்ளி, பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கும் ஊர். கோடை முழுக்க மழையே இருக்காது. பகலில் சுட்டெரிக்கும் வெயில்; மாலையில் ஆற்றுமுகப் பக்கமிருந்து வரும் 'டெல்டா காற்று' வந்தால்தான் மூச்சு வரும். 2022 செப்டம்பர் 6-ம் தேதி நகரின் மையப்பகுதியில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 46.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த இடத்தில் அதுவரை பதிவானதிலேயே அதுதான் உச்சம்.

இப்படிப்பட்ட ஊர் பிழைத்திருப்பது மரங்களால். நெடுஞ்சாலையில் வருகிறவர்களை வரவேற்கும் தண்ணீர்த் தொட்டியில், 'மரங்களின் நகரம்' என்றே பல ஆண்டுகள் எழுதிவைத்திருந்தார்கள். 2017-ல் அதை அழித்து, விவசாயத்தையும் உணவையும் பெருமைப்படுத்தும் வேறொரு வாசகத்தை எழுதியபோது, உள்ளூர் மக்கள் கொதித்துப்போனார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியின் பெயின்ட்டுக்காகச் சண்டை போடும் அளவுக்கு, அங்கே மரம் என்பது ஊர்ப் பெருமை.

ஆனால், அந்தப் பெருமைக்கு நடுநடுவே கறுப்புத் திட்டுகளாகக் கிடந்தவை பார்க்கிங் மைதானங்கள். கடைத்தெரு, அலுவலகம், மருத்துவமனை என எங்கே போனாலும் காரில்தான் போக வேண்டிய ஊர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் ஏக்கர் கணக்கில் தார்த்தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவில் அதைத் திருப்பி உமிழும் ராட்சத அடுப்புகள் அவை.

பாதி நிழல்... பதினைந்து ஆண்டு!

இதற்காகத்தான் 1983-ல் சாக்ரமெண்டோ நகரம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. கேட்பதற்கு ரொம்ப எளிமையான விதி. புதிதாக ஒரு பார்க்கிங் அமைத்தால், அடுத்த 15 ஆண்டுகளுக்குள் அதன் தளத்தில் குறைந்தது 50 சதவிகிதத்துக்கு மரநிழல் விழ வேண்டும். 'மரம் நடுங்கள்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், 'இத்தனை ஆண்டில் இவ்வளவு நிழல்' என்று கணக்குக் கேட்டதுதான் இதன் சிறப்பு. பக்கத்து ஊரான டேவிஸிலும் இதே மாதிரி விதி உண்டு. பின்னாளில், மாநிலம் முழுமைக்குமான பசுமைக் கட்டட விதித் தொகுப்பான 'கால்கிரீன்'-லும் இதே 50 சதவிகிதம், 15 ஆண்டு என்ற அளவு இடம்பிடித்தது.

சரி, இன்னும் நடாத மரத்தின் நிழலை எப்படி அளப்பது?

அதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எந்த மரம் 15 ஆண்டில் எவ்வளவு அகலத்துக்குக் குடை விரிக்கும் என்பதை 35 அடி, 30 அடி, 25 அடி, 20 அடி என்று வகை பிரித்திருக்கிறார்கள். 35 அடி விட்டம் கொண்ட ஒரு குடை, 962 சதுர அடிக்கு நிழல் தரும். இது நாம் பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பளவுக் கணக்குதான். மரம் பார்க்கிங்கின் நடுவில் இருந்தால் முழு நிழலும் கணக்கில் வரும். ஓரத்தில் இருந்தால் பாதி நிழல் வெளியே போய்விடும் என்பதால் 481 சதுர அடிதான். மூலையில் இருந்தால் கால் பங்கு, 240 சதுர அடி.

ஓர் உதாரணம் பார்ப்போம். 20,000 சதுர அடிக்கு ஒரு பார்க்கிங் தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும் பாதையையும் சேர்த்தால் சுமார் 60 கார்கள் நிற்கும். அதில் பாதி, அதாவது 10,000 சதுர அடிக்கு நிழல் வேண்டும். நடுவில் வைத்த பெரிய மரம் என்றால் 11 போதும். அதே பெரிய மரங்களை ஓரத்தில் மட்டும் வைத்தால் 21 வேண்டும். 20 அடிக்கு மேல் விரியாத சின்ன மரம் என்றால், நடுவிலேயே வைத்தாலும் 32 தேவைப்படும். எந்த மரம், எந்த இடம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஷோரூமுக்கு மட்டும் ஏன் விலக்கு?

இப்போது முதலில் பார்த்த ஷோரூமுக்கு வருவோம். இந்த நிழல் கணக்கில் சில இடங்களுக்கு விலக்கு உண்டு. லாரிகள் சரக்கு இறக்கும் இடம் அதில் ஒன்று. இன்னொன்று, கார் விற்பனை நிலையங்கள். வாகனங்களைக் காட்சிக்கு வைக்கும் இடம், விற்பனைப் பகுதி, சர்வீஸ் பகுதி, இருப்பு வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் ஆகியவற்றுக்கு மரநிழல் கட்டாயம் இல்லை. ஆனால், அந்த நிலையம் சட்டப்படி ஒதுக்கியே ஆக வேண்டிய பார்க்கிங் இடத்துக்கு நிழல் விதி அப்படியே பொருந்தும்.

அதாவது, ஒரே வளாகத்துக்குள் இரண்டு நியாயம். உங்கள் பழைய கார் மரநிழலில் நிற்கும். நீங்கள் வாங்க வந்த புது கார் வெயிலில் நிற்கும்!

டீலர்கள் பக்கமும் காரணங்கள் இல்லாமல் இல்லை. புது காருக்கு முதல் எதிரி பறவை எச்சம். வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டின் மேல்பூச்சையே அரித்துவிடும். அடுத்தது பிசின். சில மரங்களில் அண்டும் அசுவினிப் பூச்சிகள், பிசுபிசுவென்று ஒரு திரவத்தைக் கீழே தெளித்துக்கொண்டே இருக்கும். இலை, பூ, விதை எல்லாம் பானட் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். காற்றடித்துக் கிளை முறிந்தால், ஒரே அடியில் மூன்று நான்கு புது கார்கள் காலி. நூறு, இருநூறு கார்களைத் தினமும் கழுவிக்கொண்டிருப்பது கூடுதல் செலவு, தண்ணீருக்கும் கேடு.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் வியாபாரம். சாலையில் போகிறவர்களின் கண்ணில் கார் பட வேண்டும். மளிகைக் கடைக்காரர் சரக்கைக் கடைக்குள் அடுக்குவார். கார் டீலருக்குத் திறந்தவெளிதான் அலமாரி. அலமாரிக்கு முன்னால் யாராவது திரை போடுவார்களா? இரவுக் காவலுக்கும், கேமரா பார்வைக்கும் மறைப்பு இல்லாமல் இருப்பது நல்லது என்பதும் அவர்கள் வாதம்.

அதனால், அமெரிக்காவின் பல நகரங்களில் வாகன விற்பனை நிலையங்களுக்கான தோட்ட விதிகள் ஒரு சமரசமாகவே இருக்கின்றன. சாலையை ஒட்டி ஒரு பசுமைப் பட்டை இருக்க வேண்டும். அதில் குட்டையான புதர்ச்செடிகளை வளர்க்கலாம். வண்டிகள் வெளியேறும் முனையில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் எதுவும் கூடாது. பசுமைப் பட்டையின் மேல் விற்பனைக் காரை ஏற்றி நிறுத்திக் காட்சிக்கு வைக்கக் கூடாது. கார் வந்து மோதாமல் இருக்கச் செடிகளைச் சுற்றிக் கான்கிரீட் விளிம்பு கட்ட வேண்டும். காரும் தெரிய வேண்டும், பச்சையும் தெரிய வேண்டும் என்ற கணக்கு இது. நிழல் அந்தக் கணக்கில் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

நிழலில் நின்ற காரும், வெயிலில் நின்ற காரும்

'ஒரு மரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன' என்று கேட்பவர்களுக்காகவே ஆய்வாளர்கள் வெப்பமானியை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கியிருக்கிறார்கள்.

1990-களின் பிற்பகுதியில், டேவிஸ் நகரப் பார்க்கிங் தளங்களில் அமெரிக்க வனத்துறையின் நகர்ப்புறக் காடுகள் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். மரநிழல் தார்த்தளத்தின் சூட்டை 36 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 20 டிகிரி செல்சியஸ் வரை குறைத்தது. காருக்குள் இருந்த வெப்பத்தில் 47 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 26 டிகிரி செல்சியஸ்) வித்தியாசம். பெட்ரோல் டேங்க்கூட கிட்டத்தட்ட 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது.

டேங்க் சூட்டை ஏன் அளந்தார்கள்? நிறுத்திவைத்த காரும் காற்றை மாசுபடுத்தும் என்பதால்தான். எஞ்சின் ஓடாவிட்டாலும், டேங்க்கும் குழாய்களும் சூடாகும்போது பெட்ரோல் ஆவி கசிகிறது. அது வெயிலோடு சேர்ந்து, நுரையீரலுக்குக் கெடுதலான ஓசோனாக மாறுகிறது. சாக்ரமெண்டோ பகுதியில் பார்க்கிங் மரநிழலை 8 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக உயர்த்தினால், கார்களிலிருந்து இப்படி ஆவியாகும் மாசு சுமார் 2 சதவிகிதம் குறையும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. மரம் வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாமலே கிடைக்கும் 2 சதவிகிதம் அது.

மழைக்கும் இதில் பங்கு இருக்கிறது. தார்த்தளத்தில் விழும் மழைநீர், எண்ணெய்க் கசிவையும் டயர் தூளையும் வாரிக்கொண்டு நேராக வடிகாலுக்குப் போகும். நடுநடுவே மண்ணும் மரமும் இருந்தால், அந்தத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும்.

காருக்கு விலக்கு... ஆளுக்கு?

இந்த விவாதத்தில் எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கார்களுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். வண்டிகளைக் கழுவித் துடைப்பவர், வரிசை மாற்றி நிறுத்துபவர், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுபவர், வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் விற்பனையாளர். அவர்களுக்கு இந்தத் தார்த்தளம்தான் அலுவலகம்.

இங்கே வேறொரு சட்டம் உள்ளே வருகிறது. 2005 கோடையில் வயல்களில் வேலை செய்த தொழிலாளர்கள் வெப்பத்தால் இறந்ததைத் தொடர்ந்து, வெட்டவெளியில் வேலை செய்பவர்களைக் காக்க கலிபோர்னியா ஒரு விதியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல். இன்றைய நிலவரப்படி, வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) தாண்டினால் ஊழியர்கள் ஒதுங்க நிழல் இருந்தாக வேண்டும். ஆளுக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்க ஏற்பாடு வேண்டும். உடல் கேட்கும்போது குறைந்தது 5 நிமிடம் நிழலில் ஓய்வெடுக்க அனுமதிக்க வேண்டும்.

அந்த விதியில் நிழல் என்றால் என்ன என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் உட்காருவது நிழல் ஆகாது. எஞ்சின் ஓடி, ஏ.சி போட்டிருந்தால் மட்டுமே அதை ஏற்க முடியும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நூறு கார்கள் நின்றாலும் அந்த இடத்தில் நிழல் இல்லை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது!

2024 ஜூலையில் இன்னொரு விதியும் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களுக்கும் 82 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 28 டிகிரி செல்சியஸ்) தாண்டினால் வெப்பப் பாதுகாப்பு தர வேண்டும். ஏ.சி இல்லாத சர்வீஸ் பட்டறைகளுக்கு இது முக்கியம். சுற்றிலும் இருக்கும் தளம் அனலாகக் கொதித்தால், உள்ளே இருக்கும் பட்டறையும் கொதிக்கத்தான் செய்யும்.

ஆக, நகரத்தின் தோட்ட விதி 'கார் நிற்கும் இடத்தில் நிழல் தேவையில்லை' என்கிறது. மாநிலத்தின் தொழிலாளர் விதி 'அங்கே வேலை செய்பவருக்கு நிழல் வேண்டும்' என்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை, பெரும்பாலும் ஒரு மடக்குக் குடையோ, தற்காலிகப் பந்தலோதான். சட்டப்படி அது போதும். ஆனால், பந்தலுக்குக் கீழே தார்த்தளம் குளிர்வதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கும் காரும் குளிர்வதில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து...

சரி, விலக்கு இல்லாத இடங்களிலாவது 50 சதவிகிதம் நிழல் வந்ததா?

2001-ல் வெளியான ஓர் ஆய்வில், வனத்துறை ஆய்வாளர் கிரெகரி மெக்பெர்சன் சாக்ரமெண்டோவின் 15 பார்க்கிங் தளங்களை எடுத்து அலசினார். அப்போது இருந்த நிழல் 14 சதவிகிதம். அதிலும் 44 சதவிகிதப் பங்கு கூரை போட்ட பார்க்கிங்கால் வந்தது, மரத்தால் அல்ல. எல்லாத் தளங்களும் 15 வயதை எட்டும்போதாவது எவ்வளவு வரும் என்று கணித்துப் பார்த்தார். 27 சதவிகிதம்! கேட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்திலும் 36 சதவிகித இடங்கள் காலியாகவே கிடந்தன. மரத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியாத நிலை அது.

எங்கே தவறியது? பார்க்கிங் மரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அடுக்கும் காரணங்கள் இவை.

முதல் காரணம், காகிதத்தில் மட்டும் விரியும் குடை. வரைபடத்தில் 35 அடி வட்டம் வரைவது சுலபம். இரண்டு மரங்களின் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தை இரண்டு முறை எண்ணிவிட்டால், இல்லாத நிழல் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, மண். தார் போடுவதற்கு முன் ரோலர் ஓட்டித் தரையைக் கல்லாக இறுக்குவார்கள். அதில் சின்னதாக ஒரு குழி வெட்டி மரத்தை வைத்தால், வேர் எங்கே போகும்? தொட்டிச்செடி மாதிரி அதற்குள்ளேயே சுருண்டுகொள்ளும். 15 ஆண்டு ஆனாலும் ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் வளரும். வேர் மேலே வந்து தளத்தைத் தூக்கிவிட்டால், பழி மரத்தின் மேல்.

மூன்றாவது, கத்தரி. விளம்பரப் பலகை தெரியவில்லை, விளக்கு வெளிச்சம் மறைகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் உச்சியை வெட்டிவிடுவார்கள். குடை விரிய வேண்டிய மரம் மொட்டைக் கம்பமாக நிற்கும்.

நான்காவது, மறதி. மரம் செத்தால் அந்த இடத்தில் இன்னொன்று நட வேண்டும். கட்டட அனுமதி வாங்கும் நாளில் கோப்பைப் பார்க்க ஆள் இருக்கிறது. 15-வது ஆண்டில் நிழலை அளக்க யார் வருவார்கள்?

இந்தப் பாடங்களுக்குப் பிறகு, 2000-களில் நிழல் வடிவமைப்புக்கும் பராமரிப்புக்கும் தனி வழிகாட்டுதல்களை நகரம் வகுத்தது. ஓர மரத்துக்குப் பாதி, மூலை மரத்துக்குக் கால் என்று நாம் மேலே பார்த்த கணக்கெல்லாம் அதில் உண்டு.

மண்ணுக்கு ஒரு மருத்துவம்

மண் பிரச்னைக்கு, பக்கத்திலேயே இருக்கும் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சோதனை நடந்தது. அங்கே ஒரு பார்க்கிங் தளத்தில் சாதாரண மண்ணுக்குப் பதிலாக, முக்கால் பங்கு எரிமலைக் கல், கால் பங்கு வண்டல் மண் என்று கலந்து நிரப்பினார்கள். கல் எடையைத் தாங்கும்; கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வேரும் தண்ணீரும் காற்றும் புகுந்து போகும். அந்தக் கலவையில் நட்ட மரங்கள் செழிப்பாக வளர்ந்தன. கூடவே ஒரு போனஸ்... அந்த இடத்திலிருந்து வழிந்தோடிய மழைநீர் 88.8 சதவிகிதம் குறைந்தது. நீரில் கலந்து போகும் மாசும் 95 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. 2011-ல் வெளியான ஆய்வு முடிவு இது.

நல்ல குழி தோண்டுவதற்கு ஆரம்பத்தில் செலவு அதிகம். ஆனால், ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் வேர் தளத்தை உடைக்காது. டீலர்கள் பயப்படும் செலவுகளில் ஒன்று அதிலேயே அடிபட்டுப்போகும்.

புல்லுக்கு இறைத்த நீர்

'வறட்சி மாநிலத்தில் மரத்துக்கு ஏது தண்ணீர்' என்ற கேள்வியும் வரும். ஷோரூம் வாசலில் யாரும் கால் வைக்காத அந்தப் பச்சைப் புல்வெளி இருக்கிறதே, தண்ணீரைக் குடிப்பதில் அதுவும் சளைத்ததல்ல. 2023-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அழகுக்காக மட்டும் இருக்கும், யாரும் பயன்படுத்தாத புல்வெளிகளுக்குக் குடிநீரைப் பாய்ச்சுவது படிப்படியாகத் தடை செய்யப்படும். அரசு வளாகங்களுக்கு 2027 முதலும், வணிக வளாகங்களுக்கு 2028 முதலும் இது வருகிறது. அதே சட்டம், மரங்களின் உயிரைக் காக்கத் தேவையான தண்ணீருக்குத் தடை இல்லை என்றும் சொல்கிறது.

இது ஷோரூம்களுக்கு ஒரு வாய்ப்பு. எப்படியும் புல்லை எடுக்கத்தான் போகிறார்கள். அந்த இடத்தில் கூழாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போகலாம். அல்லது, வறட்சியைத் தாங்கும் மரங்களை இடைவெளி விட்டு நட்டு, கீழ்க்கிளைகளை மட்டும் கழித்துக் குடையை உயரத்தில் விரிய விடலாம். அப்படிச் செய்தால் சாலையில் போகிறவர் கண்ணுக்கு மரத்தடியில் காரும் தெரியும். இலையுதிர்க் காலத்தில் தீப்பிடித்தது போலச் சிவக்கும் சைனீஸ் பிஸ்டாஷ் மாதிரியான மரங்கள் அந்த ஊர்ச் சாலைகளில் ஏற்கெனவே நன்றாக வளர்கின்றன.

பறவை எச்சத்துக்குப் பயந்தால், இன்னொரு வழி கூரை. ஆலங்கட்டி மழை அடிக்கும் டெக்சாஸ், கொலராடோ பகுதிகளில் பல டீலர்கள் கார்களுக்கு மேல் வலைப்பந்தல் கட்டியிருக்கிறார்கள். கார் அடிபடும் என்றால் கூரைக்குப் பணம் கிடைக்கிறது, பாருங்கள்! அதே கூரையில் சோலார் தகடுகளைப் பதித்தால், நிழலோடு மின்சாரமும் கிடைக்கும். கால்கிரீன் விதியும், சோலார் கூரை போட்ட பார்க்கிங்குக்கு மரநிழலிலிருந்து விலக்கு தருகிறது. பிரான்ஸ் ஒரு படி மேலே போய், 2023-ல் சட்டமே போட்டது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளிப் பார்க்கிங்கில் பாதிப் பரப்புக்கு சோலார் கூரை வேண்டும். பாதிப் பரப்புக்கு ஏற்கெனவே மரநிழல் இருந்தால் விலக்கு உண்டு. மரமோ, கூரையோ... வெறும் வெயில் மட்டும் கூடாது என்பதுதான் அங்கே பேச்சு.

நிழல் இருந்தாலும் இதை மறக்காதீர்கள்!

கார் வைத்திருக்கும் எல்லோருக்குமான பகுதி இது. மரநிழல் நல்லதுதான். ஆனால், பூட்டிய காருக்குள் பிள்ளையை விட்டுப்போக அது ஒருபோதும் சாக்கு ஆகாது.

2014 கோடையில் அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில், ஒரே மாதிரியான கார்களை ஜோடி ஜோடியாக எடுத்து வெயிலிலும் நிழலிலும் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் கிடைத்த சராசரி அளவுகள் இவை.

- வெயிலில் நின்ற கார்: உள்ளே சுமார் 47 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டு 69, ஸ்டீயரிங் 53, சீட் 51.
- நிழலில் நின்ற கார்: உள்ளே சுமார் 38 டிகிரி, டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42, சீட் 41.

வித்தியாசம் பெரிது. ஆனால் 38 டிகிரியும் குழந்தைக்கு ஆபத்துதான். இரண்டு வயதுக் குழந்தையின் உடல்வெப்பம் வெயிலில் நின்ற காரில் ஒரு மணி நேரத்திலும், நிழலில் நின்ற காரில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் ஆபத்தான 40 டிகிரியைத் தொட்டுவிடும் என்று அந்த ஆய்வு கணித்தது.

2005-ல் வெளியான இன்னோர் ஆய்வு, மிதமான வெயிலிலும் ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்று காட்டியது. அதில் 80 சதவிகித ஏற்றம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைப்பதால் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் இப்படிக் காருக்குள் வெப்பத்தால் இறந்த குழந்தைகள் 1,000-க்கும் மேல். ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள்.

அதனால், மூன்று பழக்கங்கள்...

- 'ஒரு நிமிஷத்துல வந்துடுறேன்' என்றாலும் பிள்ளையைக் காரில் விட்டுப்போகாதீர்கள். மரத்தடியில் நிறுத்தியிருந்தாலும் சரி.
- கைப்பையையோ, செல்போனையோ பின்சீட்டில் வையுங்கள். இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.
- வீட்டில் நிற்கும் காரையும் பூட்டிவையுங்கள். விளையாட்டாக உள்ளே ஏறிக்கொண்டு, கதவைத் திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

பதினைந்து வயது நிழல்

ஒரு கார் மாடல் ஷோரூம் வாசலில் சில ஆண்டுகள் நிற்கும். அப்புறம் புது மாடல் வரும். மரத்தின் கணக்கு அப்படியல்ல. இன்று நட்டால், ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை கல்லூரி முடிக்கும்போதுதான் விதி கேட்கும் நிழல் கிடைக்கும். அந்த இடைவெளியில் கடை கைமாறும், மேனேஜர் மாறுவார், கோப்பைப் பார்த்த அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். அதனால்தான் 'எத்தனை மரம் நட்டீர்கள்' என்ற கேள்வியைவிட, 'எவ்வளவு நிழல் விழுகிறது' என்ற கேள்வி முக்கியமாகிறது. 1983-ல் சாக்ரமெண்டோ கேட்ட கேள்வி சரியானது. 15-வது ஆண்டில் திரும்பி வந்து அதைக் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அடுத்த முறை டெஸ்ட் டிரைவுக்குப் போய், கதவைத் திறந்துபோட்டுக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், சாவி எடுத்துவந்த ஊழியரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நீங்கள் ஏ.சி-க்குள் ஏறிப் போய்விடுவீர்கள். அவர் மாலைவரை அங்கேதான் நிற்பார்!